பின்னுக்கு எண்டால் எந்தப் பக்கம்?

மாரி தொடங்குவதற்கு முந்திய அந்த வெயில் காலம் முழுவதும் எங்கள் சமையல் குசினிக்கும் கிணற்றுக்கும் நடுவே ஓர் எஞ்சின் குடியிருந்தது. மரச்சட்டம் அடித்து அதில் எஞ்சினை மாட்டி, அதன் கால் நனைய ஒரு நீலப் பிளாஸ்ரிக் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார் என் கணவர். தண்ணீர் அள்ளப் போனால் அதைச் சுற்றித்தான் போகவேண்டும். உடுப்புக் காயப்போட்டால் அதன் மணம்தான் ஏறும். நான் வீட்டில் இருந்து தைத்துக் கொடுப்பவள். ஒரு கலியாண வீட்டுச் சட்டையின் உள்துணியில் கறுத்த எண்ணெய் விரல் ஒன்று பதிந்திருந்ததைக் கண்ட அன்று, அந்த எஞ்சினை அலவாங்கால் அடித்து நொறுக்கிவிட்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டால் என்ன என்றுகூட யோசித்தேன். அம்மா வீடு இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் இருக்கிறது என்பதால் போகவில்லை.

எங்கள் மீன்பிடி வள்ளத்தின் எஞ்சின் அது, பழையது. பெற்றோலில் ஸ்ரார்ட் எடுத்து, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுகிற வகை. கடலில் வைத்து ஒருநாள் திக்கத் தொடங்கியது. நின்று நின்று ஓடிக் கரைக்கு வந்து சேர்ந்தது. இவர் கழற்றிப் பார்த்தார். பிளக்குக்கு எந்த நேரம் நெருப்புப் போகவேண்டும் என்று திறந்து மூடிக் காட்டுகிற பொயின்ற் என்கிற சின்ன இரும்புத் துண்டு தேய்ந்து போயிருந்தது. அதை மாற்றவேண்டுமென்றால் அது பூட்டியிருக்கிற வட்டத் தட்டைக் கழற்றவேண்டும். கழற்றினார், புதிய பொயின்ற் போட்டார், தட்டைத் திரும்பப் பூட்டினார். அந்தத் தட்டைக் கொஞ்சம் திருப்பினாலும் நெருப்பு வருகிற நேரம் மாறிவிடுமாம். எங்கே வைத்துப் பூட்டவேண்டும் என்று காட்டுகிற கோடு தட்டில் இருந்திருக்கிறது. அதை உப்பும் துருவும் எப்போதோ தின்றுவிட்டன.

அதற்குப் பிறகு எஞ்சின் வேலை செய்யவில்லை. திக்கியாவது ஓடிக்கொண்டிருந்ததைப் புதுத் துண்டு போட்டு முழுதாக நிறுத்திவிட்டோம்.

ஊர் மெக்கானிக் ஒருமுறை வந்து எட்டிப் பார்த்தார். ஸ்ரார்ட் எடுக்கிற கயிற்றை இரண்டு தரம் இழுத்தார். “தங்கச்சி, உது இரும்புக்கடைக்குப் போற சாமான். உதோடை ஏன் மினைக்கெடுறியள்?” என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, நான் ஊற்றிய தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு இவர் என்னைத்தான் ஏசினார், அவருக்கு ஏன் பால்தேத்தண்ணி கொடுத்தாய் என்று.

எஞ்சின் இல்லாத வள்ளத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இவர் இன்னொருவரின் வள்ளத்தில் ஆளாகப் போகத் தொடங்கினார். சொந்த வள்ளத்தில் போய் வெறும் வலையோடு வந்த நாட்களிலும் இவர் வாய் ஓயாது. எங்கே நீர் இழுத்தது, எங்கே வலை சிக்கியது, எவன் குறுக்கே வந்தான் என்று சாப்பிட்டு முடியும்வரை கதைதான். மற்றவர் வள்ளத்தில் போனபோது நன்றாக மீன் பட்ட நாளிலும் வந்து குளித்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்தார். எங்கே போனீர்கள் என்று கேட்டால், “அவர் கொண்டுபோன இடத்துக்குப் போனன்,” என்பார். எனக்கு அந்தப் பதிலைக் கேட்கவே பிடிக்காது.

அந்த வள்ளக்காரர் கெட்டவர் இல்லை. மாரிக்கு இறால் படத் தொடங்கும்போது நிரந்தரமாக ஓர் ஆள் அவருக்கு வேண்டும். வெயில் முடிகிற நேரம் ஒருநாள், வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் மறுமொழி சொல்லு, இல்லையென்றால் வேறு ஆளைப் பார்க்கவேணும் என்று சொல்லிவிட்டார். நியாயம்தான். இவர் ஓமென்று சொன்னால் எங்கள் வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடந்து வெயிலில் வெடிக்கும். பிறகு யாராவது கேட்டு வருவார்கள், கொடுத்துவிடுவோம். இவர் ஐம்பதைத் தாண்டிய மனிதர். ஒருமுறை இறங்கினால் பிறகு இவர் சொந்த வள்ளத்தில் ஏறப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். இவருக்கும் தெரியும். அதனால்தான் எஞ்சினோடு அப்படி மல்லுக்கட்டினார்.

அந்த எஞ்சினின் குணம் முழுக்கத் தெரிந்த ஆள் ஒருவர் இருந்தார். இவருடைய தமையன், என் அத்தான். வெளிநாட்டுக்குப் போகும்வரை அந்த எஞ்சினை ஓட்டியவர் அவர்தான். இருட்டிலும் கழற்றிப் பூட்டுவார் என்று சொல்வார்கள். இப்போது பிரான்சில் ஒரு சாப்பாட்டுக்கடையின் குசினியில் நிற்கிறார். தொலைபேசியில் ஒரு சொல் கேட்டால் போதும். ஆனால் இவரும் அவரும் கதைப்பதில்லை.

இவர்களின் அம்மா, என் மாமியின் செத்தவீட்டில் வந்த வினை அது. அத்தானால் வரமுடியவில்லை, விசாக் கடதாசி சரிவரவில்லை. வீட்டில் பெட்டி வைத்ததிலிருந்து கோயில் பூசைவரைக்கும் தொலைபேசியில் வீடியோவாகக் காட்டினோம். சேமக்காலையில் குழிக்குள் பெட்டியை இறக்குகிற நேரம் வீடியோ நின்றுவிட்டது. இவர் கையில்தான் தொலைபேசி இருந்தது. இவர் வேண்டுமென்றே நிறுத்திவிட்டார் என்று அத்தான் சொன்னார். அப்படி ஒரு சொல்லை எப்படிச் சொல்லலாம் என்று இவர் கொதித்தார். அன்றோடு சரி. அதற்குப் பிறகு அத்தான் எங்கள் வீட்டுக்கு வீடியோவில் வந்ததேயில்லை, குரல் மட்டும்தான். அதுவும் எனக்குத்தான். பிள்ளைகளின் படிப்பு, பெருநாள் வாழ்த்து, காய்ச்சல், இருமல் எல்லாம் நான் கேட்டு இவருக்குச் சொல்லி, இவர் சொல்வதை அவருக்குச் சொல்லி வந்தேன். சம்பளமில்லாத தபால்காரி.

எஞ்சின் விஷயமும் என் தலையில்தான் விழுந்தது. நான்தான் அத்தானுக்குத் தொலைபேசி எடுத்தேன். இவர் எடுக்கச் சொல்லவில்லை, எடுக்கவேண்டாம் என்றும் சொல்லவில்லை. “உன்ரை அத்தான் என்ன சொல்லுறார்?” என்று மட்டும் கேட்டார். சத்தத்தை வெளியில் கேட்கிற மாதிரிப் போட்டால் எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விடுவார். ஆகவே நான் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நடுவில் நிற்கவேண்டும்.

“பிள்ளை, கயிறு இழுக்கேக்கை என்ன செய்யுது எண்டு கேளும்,” என்றார் அத்தான்.

“என்ன செய்யுதெண்டு கேக்கிறார்.”

“திருப்பி அடிக்குது எண்டு சொல்லு. கையைப் பிடுங்குது.”

“திருப்பி அடிக்குதாம், அத்தான்.”

“அப்ப ரைமிங், நெருப்பு வாற நேரம், பிழை. தட்டை ஒரு நூல் அளவு பின்னுக்கு எடுக்கச் சொல்லும்.”

“பின்னுக்கு எடுக்கட்டாம். ஒரு நூல்.”

நான் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. மாற்ற எனக்கென்ன தெரியும்? தையல்காரிக்கு முன் என்றால் மார்புத் துண்டு, பின் என்றால் முதுகுத் துண்டு. இவர்கள் சொன்ன பின் எது என்று நான் யோசிக்கவேயில்லை.

தட்டைத் தொடுவதென்றால் சும்மா இல்லை. அதற்கு மேலே பிளைவீல் என்று கனத்த சில்லு ஒன்று இருக்கிறது. அதைக் கிளப்பவேண்டும். அதைக் கிளப்புகிற கருவி எங்கள் பக்கத்தில் ஒருவரிடம்தான் உண்டு, அவர் கொடுக்கும்போதெல்லாம் நாலு கதை சொல்லித்தான் கொடுப்பார். கிளப்பி, தட்டின் திருகாணியை இளக்கி, ஒரு நூல் நகர்த்தி, இறுக்கி, சில்லைத் திரும்ப ஏற்றி, பிளக்கைக் காயவைத்துப் பூட்டி, கயிறு சுற்றி இழுக்கவேண்டும். இழுத்தால் முன்னைவிடப் பலமாகத் திருப்பி அடித்தது.

“இன்னும் கூடவாம், அத்தான்.”

“அப்ப காணாது. இன்னும் பின்னுக்கு.”

இன்னும் பின்னுக்கு எடுத்தோம். இன்னும் பலமாக அடித்தது. கயிற்றுப்பிடி இவர் கையிலிருந்து பறந்து என் குசினி யன்னலில் பட்டது. அத்தானுக்கு இப்போது குழப்பம். நாங்கள் சொல்வது அவருக்குத் தெரிந்த எஞ்சினாக இல்லை. நெருப்புக் கொடுக்கிற கொயிலைப் பாருங்கோ என்றார். பார்த்தோம். பிளக்கில் நெருப்பு நீலமாக நன்றாகத்தான் வந்தது. எண்ணெய் போகிற காபரேற்றரைக் கழுவுங்கோ என்றார். என் புட்டுச் சுளகில் பரப்பிவைத்துக் கழுவினார் இவர். சில்லைப் பிடித்து வைத்திருக்கிற ஆப்பு வெட்டுப்பட்டிருக்கும் என்றார். புது ஆப்புத் தேடி நான் பட்டணமெல்லாம் அலைந்தேன். கடைக்காரர்கள் ஆப்பைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, பொம்பிளை ஒருத்தி இதைக் கொண்டு திரிகிறாளே என்று என்னையும் பார்த்தார்கள். வாங்கிவந்து போட்டோம். அதுவும் இல்லை.

ஒவ்வொரு முறையும் பிளக் பெற்றோலில் நனைந்துவிடும். அதைக் கேஸ் அடுப்பில் பிடித்துச் சூடாக்குவார். தாச்சியில் மீன் பொரித்தால் பெற்றோல் மணந்தது. ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடி, “இதிலை என்னவோ மணக்குது,” என்றார். எனக்கு வந்த விசருக்கு அளவில்லை.

“மணக்காமல்? உங்கடை எஞ்சினைத்தான் அவிச்சுப் போட்டிருக்கு. தின்னுங்கோ.”

அவரும் விடவில்லை. “உன்ரை அத்தானுக்கு ஒண்டும் தெரியாது. அங்கை பாத்திரம் கழுவிக் கழுவி எஞ்சினை மறந்துபோனார்.” அதைப்போலவே அந்தப் பக்கத்திலும்: “அவனுக்குச் சின்னனிலை இருந்தே ஒண்டு சொன்னா மற்றதைத்தான் செய்வான், பிள்ளை.” இதில் ஒன்றையும் நான் மற்றப் பக்கத்துக்குக் கொண்டுபோகவில்லை. தட்டு, நூல், பிளக் மட்டும் போய் வந்தன. ஏச்சு முழுவதும் என்னிடமே தங்கியது. படுக்கப் போகும்போது தலை கனக்கும்.

அந்த வள்ளக்காரர் கெடு வைத்த ஞாயிறுக்கு முந்தின நாளும் வந்தது. காலையில் இழுத்த இழுவையில் கயிறு திருப்பி அடித்து இவரின் வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. பழந்துணி நனைத்துக் கட்டிவிட்டேன். விரலை மடக்க ஏலவில்லை. இவர் மர வாங்கில் உட்கார்ந்து, கட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு, “நாளைக்கு ஓமெண்டு சொல்லிப்போட்டு வருவம்,” என்றார். சண்டைக் குரலில் சொல்லியிருந்தால் நானும் சண்டை பிடித்திருப்பேன். மெதுவாகச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது.

“ஏன் சொல்லவேணும்? எனக்குக் கையில்லையோ? என்ன செய்யவேணுமெண்டு சொல்லுங்கோ, நான் செய்யுறன்.”

கருவியைப் பூட்டிச் சில்லைக் கிளப்பினேன். இவ்வளவு நாளும் நடுவில் நின்று கத்தினேனே தவிர, அந்தத் தட்டை அன்றைக்குத்தான் கிட்ட இருந்து பார்த்தேன். என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம். இடப்பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த காதில் ஒரு திருகாணி. அதை இளக்கினேன்.

“பின்னுக்குத் தள்ளு,” என்றார் இவர்.

“எங்கை பின்னுக்கு?”

“இதென்ன கேள்வி? பின்பக்கம். வள்ளத்தின்ரை பின்பக்கம்.” கட்டிய கையால் குசினியைக் காட்டினார். எஞ்சினைச் சட்டத்தில் மாட்டியிருந்த விதத்தில் வள்ளத்துக்குப் பின்பக்கம் என்பது எங்கள் குசினி.

அந்தக் காதைக் குசினிப் பக்கம் தள்ளினேன். தள்ளும்போதே தட்டின் மற்றப் பக்கம் கிணற்றை நோக்கிப் போவதைக் கண்டேன். கை நின்றுவிட்டது. வட்டமான ஒன்றுக்கு எது முன், எது பின்? இந்தப் பக்கம் பிடித்தால் பின்னுக்குப் போகிறது, அந்தப் பக்கம் பிடித்தால் அதே தட்டு முன்னுக்கு வருகிறது. சட்டையில் கைக்குழி வளைத்து வெட்டுகிறவளுக்கு இது விளங்கவேண்டும். இவ்வளவு நாளும் விளங்கவில்லை.

தொலைபேசியை எடுத்தேன். அத்தான் வேலைக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார்.

“அத்தான், பின்னுக்கு எண்டால் குசினிப் பக்கமோ, கிணத்துப் பக்கமோ?”

“என்ன பிள்ளை கதைக்கிறீர்? குசினியோ?”

“தட்டைத் தள்ளுறதுக்கு. எந்தப் பக்கம் பின்னுக்கு?”

“பக்கத்தை ஆர் சொன்னது? நான் நேரத்தையெல்லோ சொல்லுறன். நெருப்பு முந்தி வருகுது, அதுதான் திருப்பி அடிக்குது. பிந்தி வரவேணும். பின்னுக்கு எண்டா பிந்தி.”

பிந்தி. தமையன் மெக்கானிக்கின் பின்னுக்கைச் சொல்லியிருக்கிறார், தம்பி கடல்காரனின் பின்னுக்கைச் செய்திருக்கிறார். தட்டின் காது இடப்பக்கத்தில் இருந்ததால் இவர் பின்னுக்குத் தள்ளத் தள்ள நெருப்பு இன்னும் இன்னும் முந்திக்கொண்டு வந்திருக்கிறது. கொயில், காபரேற்றர், ஆப்பு, என் சுளகு, என் தாச்சி, இவருடைய மணிக்கட்டு எல்லாம் ஒரு சொல்லால். இருவரும் ஒரு நிமிஷம் நேரே கதைத்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

“பின்னுக்கு எண்டா பிந்தியாம்,” என்றேன் இவரிடம்.

இவர் தட்டைப் பார்த்தார். பிறகு, “அப்ப எந்தப் பக்கம் எண்டு கேள்,” என்றார்.

கேட்டேன். வலம் என்றார் அத்தான். எங்கே நின்று பார்த்தால் வலம் என்று இவர் கேட்டார். எஞ்சினுக்கு முன்னாலே என்றார் அத்தான். எது முன் என்றார் இவர். நான் அதைச் சொல்ல, அவர் இன்னொன்று சொல்ல, நான் கையால் வட்டம் போட்டுக் காட்ட, தொலைபேசியில் கை தெரியாது என்பதே எனக்கு மறந்துபோனது. இவருக்குப் பொறுமை விட்டுப்போயிற்று.

“உனக்கு விளங்காது. தா இங்கை!”

இடது கையால் தொலைபேசியைப் பறித்துக் காதில் வைத்தார். “சுத்துற பக்கமோ, எதிர்ப்பக்கமோ?”

அந்தப் பக்கத்தில் என்ன சத்தம் வந்தது என்று எனக்குக் கேட்கவில்லை. இவர் முகம் மட்டும் கொஞ்சம் மாறியது. “ஓம். நான்தான்,” என்றார். பிறகு, “ஓம் அண்ணை. சொல்லுங்கோ.”

சுற்றுகிற பக்கம்தான். அரை நூல், பிறகு இன்னும் கொஞ்சம், பிறகு இன்னும். இவர் கேட்டுச் சொல்லச் சொல்ல நான் நகர்த்தினேன். சில்லை ஏற்றி இறுக்கினேன். கயிற்றைச் சுற்றி, காலை மரச்சட்டத்தில் ஊன்றி இழுத்தேன். திருப்பி அடிக்கவில்லை. கயிறு அடங்கிய பிள்ளை மாதிரி என்னோடு வந்தது. மறுபடி இழுத்தேன், ஒரு செருமல். மறுபடி இழுத்தபோது எஞ்சின் வெடித்துக்கொண்டு எழும்பியது. பீப்பாய்த் தண்ணீர் கலங்கிக் குசினி வாசல்வரை அடித்தது, முற்றம் முழுக்கப் புகை.

“கேக்குதே, அண்ணை? கேக்குதே?” இவர் எஞ்சினுக்கு மேலாகக் கத்தினார். பிறகு என்னைப் பார்த்து, “உடனை மண்ணெண்ணெய்க்கு மாத்தவேண்டாமாம், சூடேறட்டுமாம்,” என்றார்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்கவேண்டும். வந்ததோ கோபம். எஞ்சினை நிறுத்திய பிறகும் இவர்கள் கதைத்துக்கொண்டேயிருந்தார்கள். தட்டு, பிளக், எண்ணெய், அந்தப் பழைய சத்தம் இப்போதும் வருகிறதா, புரொப்பெல்லரைக் கழற்றிப் பார்த்தாயா. மாமியைப் பற்றி ஒரு சொல் இல்லை, சேமக்காலை பற்றி ஒரு சொல் இல்லை. இத்தனை வருஷம் இவர்களுக்காக நான் சுமந்த சொற்களுக்குக் கணக்கில்லை, இவர்கள் நேற்றுத்தான் விட்ட இடத்திலிருந்து தொடங்குவதுபோல இருந்தார்கள். இரண்டு பேருக்கும் முதுகில் ஒவ்வொன்று போடவேண்டும் போல எனக்கு இருந்தது. குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தண்ணீர் நனைத்த தரையைத் துடைத்தேன். துடைக்கும்போது கண்ணும் சேர்ந்து வழிந்தது.

மறுநாள் பூசை முடிய இவரே அந்த வள்ளக்காரரிடம் போனார். தான் தன்னுடைய வள்ளத்தில் போவதாகச் சொல்லிவிட்டு வந்தார். அவர் கைகொடுத்தாராம். வலது கை வீங்கியிருந்ததால் இவர் இடது கையைக் கொடுத்தாராம்.

மணிக்கட்டு ஆறியதும் கடலுக்கு இறங்கினார். மத்தியானம் திரும்பி வந்தபோது ஒழுங்கையிலேயே குரல் கேட்டது. எங்கே நீர் இழுத்தது, எவன் குறுக்கே வந்தான் என்று வாசலிலிருந்தே கதை தொடங்கிவிட்டது. கூடையை இறக்கினார். முகம் கழுவவில்லை, தேத்தண்ணி கேட்கவில்லை.

“அண்ணை எடுத்தவரோ?” என்றார்.

“எடுத்தவர். உங்களோடை கதைக்கவேணுமாம்.”

“எஞ்சின் நல்லாய் ஓடினது எண்டு சொல்லிவிடு. பிறகு ஆறுதலாக் கதைக்கிறன் எண்டு சொல்லு.”

நான் தொலைபேசியை எடுத்து, இலக்கத்தை அழுத்தி, மீன் செதில் ஒட்டியிருந்த அவருடைய கையில் வைத்தேன்.

“நீங்களே சொல்லுங்கோ,” என்றேன்.